கோல்ஃபில் 100-க்குக் கீழே இறங்க: புதியவர்களுக்கான பயிற்சி வழிகாட்டி

ஏழெட்டு மாதமாக ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் திடல்) போய் வருகிறீர்கள். கோச்சிடம் பத்துப் பன்னிரண்டு வகுப்பு முடிந்துவிட்டது. 7-அயர்ன் என்ற கோலால் அடித்த பந்து ரேஞ்சில் அழகாகப் பறக்கிறது. ஆனால் மைதானத்தில் இறங்கி 18 குழி ஆடினால் கார்டில் மொத்த ஷாட் 112, 118 என்றுதான் விழுகிறது (குறைந்தால்தான் நல்லது). அந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. ஸ்விங்கை மாற்றச் சொல்லப்போவதில்லை, அது உங்கள் கோச்சின் வேலை. இருக்கிற ஸ்விங்கோடு வாரத்தில் 3 மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது, எந்தப் பழக்கம் காசைத் தின்கிறது, ஷாட்டுக்கு முன்னால் மனதை எங்கே வைப்பது என்பதை மட்டும் பார்ப்போம்.

சொற்களைப் பற்றி ஒன்று. ‘கிளப்’ என்றால் நம் பேச்சில் சங்கமும் அதுதான், அடிக்கிற கோலும் அதுதான். இங்கே சங்கம் கிளப், கோல் மட்டை. ‘அடி’ என்று வந்தால் அது நீள அளவு, அடிப்பதெல்லாம் ஷாட்.

1. முதலில் மூன்று கார்டு, பிறகுதான் பயிற்சி

எதைப் பயிற்சி செய்வது என்பதை ஆசை முடிவு செய்யக் கூடாது, கார்டு முடிவு செய்ய வேண்டும். ஆசையிடம் விட்டால் எல்லோரும் டிரைவரைத்தான் (மிக நீளமாக அடிக்கும் மட்டை) எடுப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ‘பார்’ என்பது ஒரு குழியையோ மைதானத்தையோ முடிக்கக் குறித்திருக்கும் ஷாட் எண்ணிக்கை. பார் 72 மைதானத்தில் 9 குழியில் போகி (பாரைவிட ஒன்று அதிகம்), 9 குழியில் டபுள் போகி (இரண்டு அதிகம்) எடுத்தால் மொத்தம் 99. அதாவது ஒரு பார்கூட வேண்டாம். 100-க்கு மேலே உங்களை நிறுத்தி வைத்திருப்பது நல்ல ஷாட் இல்லாத குறை அல்ல. 8, 9 என்று போகும் நாலைந்து குழிகள்தான்.

அடுத்த மூன்று ஆட்டங்களில் கார்டின் ஓரத்தில் நாலு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்:

- பெனால்டி: எல்லைக்கு வெளியே போனது, தண்ணீர், தொலைந்த பந்து
- டாப், சங்க்: பந்தின் தலையில் பட்டு உருண்டது, பந்தைத் தொடும் முன்பே மட்டை மண்ணைக் குத்தி நின்றது
- 50 யார்டுக்குள் வீணானது: சிப் (தாழ்ந்த சின்ன ஷாட்) அடித்தும் கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) ஏறாதது, பங்கரிலேயே (மணல் பள்ளம்) கிடந்தது
- மூன்று பட்: கிரீனில் பந்தை உருட்டிக் குழிக்குள் போட மூன்று ஷாட் எடுத்தது

ஒவ்வொரு குழி முடிந்ததும் குறித்துவிடுங்கள். ஆட்டம் முடிந்து கேன்டீனில் உட்கார்ந்து யோசித்தால் மூன்று பட் எல்லாம் இரண்டாகிவிடும். மூன்று கார்டையும் கூட்டிப் பாருங்கள். எந்தக் கட்டம் பெரிதோ, அடுத்த ஐந்து வாரம் பயிற்சியில் பாதி அதற்கு.

2. ஹேண்டிகேப்: என்ன காகிதம், என்ன கணக்கு

அதே மூன்று கார்டுகள் ஹேண்டிகேப் (உங்கள் ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) வாங்கவும் உதவும். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் தொடங்குவதற்கு மொத்தம் 54 குழிக்கான ஸ்கோர் போதும். 18 குழி ஆட்டம் மூன்றாகவும் இருக்கலாம், 9 குழி ஆட்டங்களைச் சேர்த்ததாகவும் இருக்கலாம். அதிகபட்ச ஹேண்டிகேப் இன்டெக்ஸ் 54.0. எனவே ‘நான் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை’ என்று தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. இந்தியாவில் இதை நடத்துவது இந்தியன் கோல்ஃப் யூனியன். உங்களுக்கு வழி உங்கள் கிளப் அலுவலகம்.

கார்டில் இருக்க வேண்டியவை: தேதி, எந்த நிற டீயிலிருந்து (குழியின் தொடக்க இடம்) ஆடினீர்கள், குழிவாரியாக ஸ்கோர், உங்கள் கையெழுத்து, கூட ஆடியவரின் கையெழுத்து. அன்றே கொடுத்துவிடுங்கள். டீயின் நிறத்தை எழுத மறப்பதுதான் அதிகம் நடப்பது. கோர்ஸ் ரேட்டிங்கும் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம்) ஸ்லோப்பும் (சாதாரண ஆட்டக்காரருக்கு அதைவிட எவ்வளவு கூடுதல் கடினம்) ஒவ்வொரு டீக்கும் வேறு. நிறம் இல்லாத கார்டை வைத்து யாரும் கணக்குப் போட முடியாது.

கணக்கு இப்படி: 113-ஐ ஸ்லோப்பால் வகுத்து, அதை (ஸ்கோர் கழித்தல் கோர்ஸ் ரேட்டிங்) என்பதால் பெருக்க வேண்டும். ஸ்கோர் 112, ரேட்டிங் 70.5, ஸ்லோப் 125 என்றால் 37.5 வரும். அன்றைய வானிலைக்கான சிறு திருத்தத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். மூன்று கார்டு மட்டும் இருக்கும்போது, மூன்றில் குறைந்ததை எடுத்து அதிலிருந்து 2 கழிப்பார்கள். கார்டு சேரச் சேர இது மாறி, 20 கார்டு ஆனதும் கடைசி 20-இல் சிறந்த 8-இன் சராசரி உங்கள் இன்டெக்ஸ்.

ஒரு சலுகையைப் பலர் கவனிப்பதில்லை. ஹேண்டிகேப் இன்னும் வராதவருக்கு ஒரு குழியில் கணக்கில் சேரும் உச்சம் பார் கூட்டல் 5. பார் 4-இல் 11 எடுத்தாலும் ஹேண்டிகேப் கணக்குக்கு 9தான். கார்டில் மட்டும் உண்மையான 11-ஐ எழுதுங்கள். நண்பர் ‘விடு, இன்னொன்று அடி’ என்று தரும் இலவச ஷாட் இந்தக் கார்டில் கிடையாது.

மைதானத்தில் இறங்கவே சில இடங்களில் காகிதம் கேட்பார்கள். சிங்கப்பூரில் ஹேண்டிகேப் இல்லாதவரிடம் ப்ரொஃபிஷியன்சி சான்றிதழ் கேட்பது வழக்கம். அதில் விதிமுறைத் தேர்வும் உண்டு, ஆடிக்காட்டும் தேர்வும் உண்டு. இந்தியக் கிளப்கள் பலவும் ஹேண்டிகேப் சான்றோ கோச்சின் ஒப்புதலோ எதிர்பார்க்கின்றன. டீ நேரம் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், வாசலில் போய் நின்று கேட்காதீர்கள்.

3. காசு எங்கே போகிறது

ஐந்து வழி: ரேஞ்ச் பந்து, கோச், கிரீன் ஃபீ (மைதானக் கட்டணம்), கேடி (பை சுமந்து கூட வருபவர்), தொலையும் பந்து. புது டிரைவர் ஆறாவது. அது இப்போது வேண்டாம்.

விதிப்படி பையில் 14 மட்டை வரை இருக்கலாம். உங்களுக்கு ஏழு போதும்: டிரைவர் அல்லது 3-வுட், ஒரு ஹைபிரிட், 7-அயர்ன், 9-அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். பந்து விலை குறைந்ததாக இருக்கட்டும், ஆனால் எப்போதும் ஒரே மாடல். கிரீனில் ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு மாதிரி நின்றால் கை எதைக் கற்றுக்கொள்ளும்?

கோச் வகுப்பை அடுத்தடுத்த நாளில் வைக்காதீர்கள். ஒரு வகுப்பு, இடையில் குறைந்தது நான்கு பயிற்சி, பிறகு அடுத்த வகுப்பு. பத்து வகுப்பு ‘பேக்கேஜ்’ வாங்கினால் செல்லுபடியாகும் காலத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றிருந்தால் அது தள்ளுபடி இல்லை, அவசரம்.

கிரீன் ஃபீ கட்டுமுன் கேட்க வேண்டியவை: கேடி கட்டணம் அதில் சேர்த்தியா, கட்டாயமா, விருந்தினர் கட்டணம் வார இறுதியில் எவ்வளவு, காலர் சட்டை, ஷூ விதி என்ன.

பயிற்சிச் சாமான்களுக்கு விளையாட்டுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மூன்றரை அடி நீளத்தில் இரண்டு நேரான குச்சி (மின்வயர் போடும் பிவிசி குழாய்கூடப் போதும்), ஒயிட்போர்டு மார்க்கர், பழைய துண்டு, ஒரு நாணயம், சின்ன நோட்டு.

4. வாரத்தில் 3 மணி நேரம்

ரேஞ்சில் ஒரு மணி வீதம் இரண்டு நாள். வீட்டில் தினம் 10 நிமிடம், ஆறு நாள். முடிந்தால் வார இறுதியில் 9 குழி. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 3 மணி நேரம் ரேஞ்சில் நிற்பதைவிட இது பலன் தரும். கையிலும் கொப்புளம் வராது.

ஒரு மணிக்கு 50 பந்து போதும். 100 பந்துக் கூடையை 40 நிமிடத்தில் காலி செய்பவர் 24 விநாடிக்கு ஒன்று அடிக்கிறார். ஆட்டத்திலோ நாலு மணி நேரத்தில் முழு ஸ்விங் ஐம்பது அறுபதுதான் வரும், இரண்டுக்கு நடுவில் நிமிடக் கணக்கில் நடை. இரண்டும் வேறு வேறு விளையாட்டு. கூடையின் விலை குறைவு என்று பெரிய கூடை வாங்குவதுதான் முதல் பொறி.

5. ரேஞ்சில்: 50 பந்தைச் செலவழிக்கும் விதம்

முதல் 10 பந்து உடல் சூடேற. சாண்ட் வெட்ஜில் அரை ஸ்விங், பிறகு 9-அயர்ன்.

அடுத்த 15 பந்து ஒரே மட்டை, ஒரே வேலை. கோச் சொன்ன ஒன்றே ஒன்று. ஒரு குச்சியைப் பந்துக்கு அப்பால் இலக்கை நோக்கியும், இன்னொன்றைக் கால்விரல் நுனியை ஒட்டி அதற்கு இணையாகவும் போடுங்கள். வலதுகைக்காரர்களில் பெரும்பாலானோர் இலக்குக்கு வலப்பக்கம் பார்த்து நிற்பார்கள், அது அவர்களுக்கே தெரியாது. தோள் இலக்கையே பார்க்க வேண்டும் என்று நினைப்பதுதான் காரணம். ரயில் தண்டவாளம் மாதிரி நினையுங்கள்: பந்து ஒரு தண்டவாளம், உங்கள் கால் இன்னொன்று.

மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு புள்ளி வைத்து அடித்தால் மட்டை முகத்தில் மை ஒட்டும். எங்கே பட்டது என்று அதுவே சொல்லும். பந்து வலப்பக்கம் போனதும் ‘ஸ்லைஸ்’ என்று ஸ்விங்கைத் திருத்த ஆரம்பிக்கிறோம். மை பார்த்தால் நுனியில் பட்டிருக்கும், கொஞ்சம் கிட்டே நின்றால் தீர்ந்தது. மை நடுவில் இருந்தும் வளைகிறது என்றால்தான் முகமும் பாதையும். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் மட்டை முகம் தீர்மானிக்கிறது. அந்த முகத்துக்கும் ஸ்விங் பாதைக்கும் உள்ள வித்தியாசம் பந்தை வளைக்கிறது.

ரப்பர் விரிப்பு பெரிய பொய்யர். பந்துக்கு மூன்று அங்குலம் முன்பே மட்டை தரையில் பட்டாலும், விரிப்பில் வழுக்கிப் போய்ப் பந்தைத் தூக்கிவிடும். ஷாட் நன்றாகவே தெரியும். அதே ஷாட் புல்லில் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு 20 யார்டில் நிற்கும். ‘ரேஞ்சில் வருகிறது, மைதானத்தில் வரவில்லை’ என்பதில் பாதி இதுதான். துண்டை மடித்துப் பந்துக்கு நாலு அங்குலம் பின்னால் போடுங்கள். துண்டைத் தொட்டால் அந்த ஷாட் தோல்வி, பந்து எங்கே போனாலும் சரி. புல் டீ இருக்கும் ரேஞ்ச் என்றால் தரையில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இலக்குப் பக்கம்தான் மண் பெயர வேண்டும் என்று பாருங்கள்.

மீதி 25 பந்தில் ஒரே மட்டையை அடுத்தடுத்து இரண்டு முறை எடுக்காதீர்கள். நீங்கள் ஆடும் மைதானத்தின் முதல் குழியை மனதில் வையுங்கள். டிரைவர் அடியுங்கள். அது இடப்பக்கம் போயிருந்தால் ரஃபிலிருந்து (ஓரத்து நீண்ட புல்) என்ன எடுப்பீர்களோ அதை எடுங்கள். அடுத்து வெட்ஜ். அடுத்த குழிக்குப் போங்கள். இப்படி ஒன்பது குழி. ஷாட்கள் மோசமாகத் தெரியும், எரிச்சல் வரும், அது நல்லதுதான். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் பயிற்சியின்போது நன்றாகத் தெரியும், கலந்து செய்தால் பிறகு நினைவில் நிற்கும் என்பதை ஷீ, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1979-இலேயே காட்டினார்கள். அன்று ரேஞ்சை விட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினீர்களா என்பது அளவுகோல் இல்லை.

ரேஞ்ச் பந்து தேய்ந்தது, பல இடங்களில் குறைந்த தூரம் போகும்படி செய்தது. அதை வைத்து ‘என் 7-அயர்ன் இத்தனை யார்டு’ என்று முடிவு கட்டாதீர்கள். தூரத்தை மைதானத்தில் சொந்தப் பந்தில் பாருங்கள், சராசரியைக் குறியுங்கள். ஒரு தடவை பறந்த உச்சத்தை அல்ல. மலைக்குப் போனால் அதுவும் செல்லாது. உதகை 2,200 மீட்டருக்கு மேலே, நுவரெலியா 1,800-க்கு மேலே. மெல்லிய காற்றில் பந்து கூடுதலாகப் போகும். முதல் இரண்டு மூன்று குழியில் கேடி சொல்லும் மட்டையை நம்புங்கள்.

6. கிரீனும் அதைச் சுற்றி 50 யார்டும்

இங்கே பயிற்சிக்குப் பெரும்பாலும் பந்துக் காசு கிடையாது. அதனாலோ என்னவோ இந்தப் பக்கம் கூட்டமும் கிடையாது.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே 8 அடியிலிருந்து ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள். நீங்கள் 8 அடியில் தவறவிட்டதற்கு நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மூன்று பட் வருவது 30 அடியில் முதல் பட்டை 7 அடி குறைவாக விட்டதால். ஆகவே இரண்டே பயிற்சி.

தூரம்: 20, 30, 40 அடியில் மூன்று பந்து. குழியைச் சுற்றி ஒரு பட்டர் நீளத்துக்குள் நிற்க வேண்டும், குழிக்குள் விழ வேண்டியதில்லை. பத்துக்கு ஏழு வந்தால் மூன்று பட் குறையத் தொடங்கும். ஒரே தூரத்தில் இரண்டு முறை அடுத்தடுத்து வேண்டாம்.

நேர்: 3 அடியில், பட்டர் தலையைவிடக் கொஞ்சம் அகலமாக இரண்டு டீக்குச்சியை (பந்தை ஏற்றி வைக்கும் சின்னக் குச்சி) ஊன்றி அதன் நடுவே அடிப்பது. டைகர் வுட்ஸ் ஆட்டத்துக்கு முன் செய்வதும் இதுதான். தொடர்ந்து 15 போடும்வரை கிளம்பாதீர்கள். பதினான்காவதில் கை நடுங்கும் பாருங்கள், அதற்காகத்தான் இந்த எண்.

வீட்டில் டைல்ஸ் தரை இருந்தால் இணைப்புக் கோடே உங்களுக்கு அளவுகோல். பந்தைக் கோட்டின் மேல் வைக்காதீர்கள், பள்ளத்தில் ஆடும். கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, பட்டர் கோட்டுக்கு இணையாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். டைல்ஸில் வேகத்தைப் பழகாதீர்கள். யோகா விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது. கோரைப்பாய் வேண்டாம், கோடு பந்தைத் தள்ளிவிடும்.

வெப்ப ஊர்களில் பெர்முடா புல் உண்டு. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். புல் பளபளவென்று தெரிந்தால் அது உங்களை விட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருமையாகத் தெரிந்தால் எதிர்ப்புல், கூடுதலாகத் தள்ள வேண்டும்.

சிப்பிங்கில் சாண்ட் வெட்ஜ் ஒன்றையே எல்லாவற்றுக்கும் எடுப்பது வழக்கமான தவறு. சமதளக் கிரீனில் தோராயமாக, பறக்கும் தூரம் ஒரு பங்கு என்றால் உருளும் தூரம் பிட்சிங் வெட்ஜில் இரண்டு பங்கு, 9-அயர்னில் மூன்று, 7-அயர்னில் ஐந்து. துண்டை விழ வேண்டிய இடத்தில் விரித்து, குழியைப் பார்க்காமல் துண்டைப் பார்த்து அடியுங்கள். கிரீனுக்கு வெளியே இருக்கும் இடத்தில் புல் குட்டையாக இருந்தால் பட்டரையே எடுங்கள். அழகுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

பங்கரில் உங்கள் இலக்கு ஒன்றுதான்: ஒரே ஷாட்டில் வெளியே. மணலில் ஒரு கோடு கிழித்து, பந்தில்லாமல் அந்தக் கோட்டில் மட்டை இறங்குகிறதா என்று பத்து முறை. பிறகு கோட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னே பந்தை வையுங்கள். பாதியில் மட்டையை நிறுத்துவதால்தான் பந்து அங்கேயே கிடக்கிறது. ஆட்டத்தில் இந்தக் கோடெல்லாம் கூடாது: ஷாட்டுக்கு முன் பந்தின் பக்கத்தில் மணலை மட்டையால் தொட்டாலோ, பயிற்சி ஸ்விங்கில் தொட்டாலோ இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி.

கடைசி 10 நிமிடம் ஒரே ஒரு பந்து. கிரீனைச் சுற்றி ஒன்பது இடம். சிப் அடித்து, பட் போட்டு முடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பார் 2, மொத்தம் 18. முதல் நாள் 30 வரும். 25-க்கு வந்தால் ஆட்டத்திலும் தெரியும். நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

7. மனம்: 30 விநாடி உள்ளே, மிச்சம் வெளியே

நாலு மணி நேரம் கவனம் சிதறாமல் இருக்க யாராலும் முடியாது, முயன்றால் 13-ஆவது குழியில் தலை கனக்கும். தேவை ஒவ்வொரு ஷாட்டுக்கும் அரை நிமிடம். 40 விநாடிக்குள் அடிக்கும்படி விதிமுறையும் பரிந்துரைக்கிறது.

வரிசை இது. பந்துக்குப் பின்னால் நில்லுங்கள். தூரம், காற்று, எங்கே போனால் ஆபத்து என்று பார்த்து மட்டையை முடிவு செய்யுங்கள். சின்ன இலக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ‘ஃபேர்வே’ (டீக்கும் கிரீனுக்கும் நடுவே குட்டையாக வெட்டிய புல்வெளி) இலக்கு இல்லை, ‘அந்த வேப்பமரத்தின் இடக்கிளை’ இலக்கு. ஒரு பயிற்சி ஸ்விங். மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். பந்திடம் போங்கள், இலக்கை ஒருமுறை பாருங்கள், அடியுங்கள். பந்தின் மேல் நின்ற பிறகு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் பின்வாங்கி முதலிலிருந்து தொடங்குங்கள். பந்தின் மேல் நின்றபடி மட்டை சரியா என்று யோசித்த ஷாட் எதுவும் உருப்படாது.

ஸ்விங்கின்போது எதை நினைப்பது? கை, முழங்கை, இடுப்பு இவற்றை விட்டுவிட்டு மட்டையையோ இலக்கையோ நினைப்பவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பது ஆய்வாளர் கேப்ரியேல் வுல்ஃப் முதலியோர் கோல்ஃபிலேயே சோதித்துப் பார்த்தது. ‘இடக்கை நேராக’ என்பது ரேஞ்சில் முதல் 15 பந்துக்கான வாக்கியம். மைதானத்தில் அதற்கு இடமில்லை. பட்டிங்கில் பந்தின் பின்புறம் ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்தி, இரண்டு விநாடி கழித்து அடித்து, பந்து போன பிறகும் கண் அங்கேயே கணநேரம் இருக்கட்டும். நன்றாகப் பட் போடுபவர்களின் கண் அப்படி நிலைக்கிறது என்று கனடா ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1992-இல் காட்டினார்.

ஷாட் கெட்டால் திட்டிக்கொள்ள பத்து அடி தூரம் அனுமதி. பையில் மட்டையைப் போட்டதும் அந்த விஷயம் முடிந்தது. நடக்கும்போது மரம், பறவை, வீட்டுக்கதை எதுவும் பேசலாம். ஸ்விங்கை மட்டும் பேச வேண்டாம். ஆட்டத்தின் நடுவில் கூட ஆடுபவர் சொல்லும் திருத்தத்துக்கு ‘சரிங்க’ என்று சொல்லி அதே இடத்தில் விட்டுவிடுங்கள். ஓடுகிற ஸ்கோரைக் கூட்டவே கூடாது. ‘இன்னும் மூன்று போகி எடுத்தால் 99’ என்ற கணக்குதான் 16-ஆவது குழியில் பந்தைத் தண்ணீருக்குள் அனுப்புவது.

இந்த வரிசையை ரேஞ்சில் அந்த 25 பந்துக்கும் செய்யுங்கள். ஆட்டத்தன்று மட்டும் செய்தால் அது சடங்காக இருக்கும், பழக்கமாக இருக்காது.

8. ஆட்ட நாள்

டீ நேரத்துக்கு 45 நிமிடம் முன்னால் போய்ச் சேருங்கள். 15 நிமிடம் நீண்ட பட், 10 நிமிடம் சிப், 20 பந்து ரேஞ்சில். அந்த 20 பந்தில் எதையும் திருத்தாதீர்கள். இன்று பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்று மட்டும் பார்த்து, அதையே வைத்து ஆடுங்கள். நேரமில்லையா? ரேஞ்சை விடுங்கள், பட்டிங்கை விடாதீர்கள். நம் வெயிலுக்கு, தாகம் வருவதற்கு முன்பே இரண்டு குழிக்கு ஒருமுறை தண்ணீர். 6-ஆவது, 12-ஆவது குழியில் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ.

முன் டீயிலிருந்து ஆடுங்கள், வெட்கமில்லை. 380 யார்டு பார் 4-ஐ மூன்று ஷாட்டாக வெட்டுங்கள்: 160, 140, 80. அதற்கு டிரைவரே தேவையில்லை. மரத்தடியில் மாட்டினால் இடைவெளியைத் தேடாமல் பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிடுங்கள். கொடி எங்கே இருந்தாலும் கிரீனின் நடுவைப் பாருங்கள்.

மூன்று விதிகளைத் தெரியாமல் இறங்காதீர்கள். பந்தைத் தேட 3 நிமிடம்தான். சிவப்புக் கம்பு இருக்கும் நீர்ப்பகுதியில் ஒரு ஸ்ட்ரோக் பெனால்டியோடு, பந்து உள்ளே போன இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்குக் கிட்டே போகாமல் போடலாம். எல்லைக்கு வெளியே போயிருக்குமோ, தொலைந்திருக்குமோ என்று தோன்றினால் இரண்டாவது பந்தை அடிக்கும் முன் ‘ப்ரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் அடித்தால் அந்தப் பந்துதான் ஆட்டத்தில். முதல் பந்து ஃபேர்வே நடுவில் கிடந்தாலும் தொட முடியாது.

9. ஐந்து கார்டுக்கு ஒருமுறை

நாலு கட்டத்தையும் மறுபடி கூட்டுங்கள். பெனால்டி இன்னும் பெரிதாக இருந்தால் டிரைவரை ஐந்து ஆட்டத்துக்கு வீட்டில் வைத்துவிட்டு ஹைபிரிட்டில் தொடங்குங்கள். டாப், சங்க் என்றால் துண்டுப் பயிற்சியை 15-இலிருந்து 25 பந்தாக்குங்கள், அதை வீடியோ எடுத்துக்கொண்டு கோச்சிடம் போங்கள். மூன்று பட் ஓர் ஆட்டத்தில் மூன்றுக்குக் கீழே வந்துவிட்டால் கிரீனில் பாதி நேரத்தை எடுத்து 50 யார்டு வெட்ஜுக்குக் கொடுங்கள்: இடுப்பு உயரம், நெஞ்சு உயரம், முழு ஸ்விங் என மூன்று நீளம், இரண்டு வெட்ஜ், ஆறு தூரம். அந்த ஆறு எண்ணையும் ஒரு அட்டையில் எழுதிப் பையின் பக்கப்பையில் போடுங்கள். மழைக்காலத்தில் தனியாக ஒரு அட்டை வேண்டும். ஈரத்தில் பந்து உருளாது, விழுந்த இடத்திலேயே நிற்கும்.